வீட்டு சர்வரும் தானியங்கிச் சாதனங்களும் தடுமாறும்போது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

இந்த வழிமுறை ஒரு குறிப்பிட்ட அமைப்பை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. ராஸ்பெர்ரி பை 4 அல்லது 5 என்னும் சிறு கணினி ஒன்றில், வீட்டுச் சாதனங்களை ஒருங்கே இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள் ஓடுகிறது. அதனுடன், சாதனங்களுக்கிடையே எம்க்யூடிடி முறையில் செய்திகளை வாங்கிக் கொடுக்கும் மொஸ்கிட்டோ என்னும் புரோக்கரும், விளம்பரங்களைத் தடுக்கும் பை-ஹோலும், கோப்புகளுக்காக யுஎஸ்பி வழியே இணைத்த ஒரு ஹார்ட் டிஸ்க்கும் இருக்கின்றன. வீட்டில் ஜிக்பீ என்னும் ரேடியோ முறையில் பேசும் சென்சார்கள் சிலவும் ஈஎஸ்பி8266 சில்லு வைத்த வைஃபை ஸ்விட்சுகள் சிலவும் இருக்கின்றன. பழைய மடிக்கணினியை சர்வராக வைத்திருப்பவர்களுக்கும் முதல் பகுதியைத் தவிர மற்றவை பெரும்பாலும் பொருந்தும்.

இத்தகைய அமைப்பில் கோளாறு தென்படும் இடமும் கோளாறு இருக்கும் இடமும் ஒன்றாக இருப்பது அரிது. விளக்கு எரியவில்லை என்றதும் விளக்குக்கான ஆட்டோமேஷன் என்னும் தானியங்கி விதியைத் திறந்து திருத்தத் தொடங்குவது எல்லோருக்கும் இயல்பு. ஆனால் நேற்று வரை சரியாக இயங்கிய ஆட்டோமேஷன் இன்று தானாகக் கெட்டுப்போவதில்லை. மின்சாரம், கடிகாரம், பெயரும் முகவரியும், ரேடியோ அலை ஆகிய அடித்தளங்களில் ஏதேனும் ஒன்று அசைந்திருக்கும். எனவே எதையும் தொடுவதற்கு முன் பேக்கப் எடுத்து அதன் நகல் ஒன்றை சர்வருக்கு வெளியே வைத்துவிட்டு, கோளாறு ஒரே சாதனத்திலா, ஒரே வகைச் சாதனங்கள் அனைத்திலுமா, வீடு முழுவதிலுமா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். கீழே எந்தப் பகுதியைப் படிப்பது என்பதை அந்த விடையே காட்டிவிடும்.

## சர்வர் காரணமின்றி மறுதொடக்கம் ஆகிறது, அல்லது உறைந்து நிற்கிறது

முதலில் சந்தேகிக்க வேண்டியது அடாப்டரை. ராஸ்பெர்ரி பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் தரும் அடாப்டரும், பை 5-க்கு 5.1 வோல்ட், 5 ஆம்பியர் தரும் அடாப்டரும் பரிந்துரைக்கப்படுகின்றன. கைபேசி சார்ஜர் கணினியை இயக்கத்தான் செய்யும். ஆனால் ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில், மெல்லிய கேபிளின் இழப்பும் சேர்ந்து, மின்னழுத்தம் சரிந்துவிடும். 4.63 வோல்ட்டுக்குக் கீழே சென்றால் பலகை அதைக் குறைமின்னழுத்தமாகப் பதிவு செய்கிறது. மடிக்கணினிகளுக்கான 65 வாட் சார்ஜர் இருக்கும்போது என்ன குறை என்று பலர் கேட்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை 5 வோல்ட் நிலையில் 3 ஆம்பியருக்கு மேல் தருவதில்லை, மிச்ச வாட்டுகள் எல்லாம் 9, 15, 20 வோல்ட் நிலைகளுக்கானவை. 3 ஆம்பியர் அடாப்டரைக் கண்டால் பை 5 தன் யுஎஸ்பி துளைகள் அனைத்துக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியர் மட்டுமே ஒதுக்கும் என்பதால், அதில் செருகிய டிஸ்க் அடிக்கடி துண்டிக்கப்படுவதில் வியப்பில்லை. பை 4-இல் அந்த மொத்த ஒதுக்கீடு 1.2 ஆம்பியர்.

ஊகிக்கத் தேவையில்லை; கணினியிடமே கேட்கலாம். ராஸ்பெர்ரி பை ஓஎஸ் வைத்திருப்பவர்கள் 'விசிஜென்கமாண்ட்' கருவியில் 'கெட் திராட்டில்ட்' என்று கேட்டால் ஒரு பதினறும எண் விடையாக வரும். அது 0 என்றால் குறை எதுவுமில்லை. 50000 என்றால், கணினி தொடங்கியதிலிருந்து எப்போதோ ஒருமுறை மின்னழுத்தம் குறைந்து வேகம் கட்டுப்படுத்தப்பட்டது என்று பொருள். 50005 என்றால் இந்த நொடியிலும் அதே நிலைதான். ஹோம் அசிஸ்டன்ட் ஓஎஸ் வைத்திருப்பவர்கள் ராஸ்பெர்ரி பை மின்வழங்கியைச் சோதிக்கும் இணைப்பைச் சேர்த்துக்கொண்டால் இதே தகவல் ஒரு சென்சாராகத் தெரியும். டிஸ்க்குக்கென்று தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப் ஒன்றை வாங்குவது, பை அடாப்டரை மாற்றுவதைவிடப் பல வீடுகளில் விரைவான தீர்வாக இருக்கும்.

மின்சாரம் சரியாக இருந்தும் உறைகிறது என்றால் எஸ்டி கார்டைப் பார்க்க வேண்டும். கார்டு சாகும் விதங்களில் ஒன்று மிகவும் குழப்பமானது: நீங்கள் செய்யும் மாற்றங்களை அது ஏற்பதுபோல் நடித்து, மறுதொடக்கம் செய்தவுடன் பழைய நிலையையே காட்டும். நீக்கிய கோப்பு திரும்பி வந்து நிற்பதைக் கண்டால் அமைப்பில் குறை தேடாமல் அன்றே கார்டை மாற்றிவிட வேண்டும். ஹோம் அசிஸ்டன்ட் தன் சென்சார் பதிவுகளை இயல்பாக 5 நொடிக்கு ஒருமுறை தரவுத்தளத்தில் எழுதி, 10 நாட்கள் வைத்திருக்கிறது. ஒவ்வொரு நொடியும் மின்பயன்பாட்டை அனுப்பும் ஸ்விட்சுகள் இருந்தால் அவற்றைப் பதிவிலிருந்து விலக்குவதும், எழுதும் இடைவெளியை 30 நொடியாக உயர்த்துவதும் கார்டின் ஆயுளைக் கூட்டும். ஆனால் நிரந்தரத் தீர்வு எஸ்எஸ்டிக்கு மாறுவதுதான். அதைத் தள்ளிப்போடுவதால் மிச்சமாகும் பணம் மிகச் சிறியது.

## மின்தடைக்குப் பிறகு எதுவும் ஒன்றோடொன்று பேசவில்லை

மின்சாரம் திரும்பும்போது எல்லாக் கருவிகளும் ஒரே நொடியில் எழுந்திருக்கின்றன. ஆனால் ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் முழுமையாக எழச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ள, சர்வர் அவற்றை முந்திக்கொண்டு வந்து, இணையமும் முகவரியும் இல்லாத வீட்டில் தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. பத்து நிமிடம் காத்திருந்து சர்வரை மட்டும் ஒருமுறை மறுதொடக்கம் செய்து பாருங்கள். அதனால் சரியாகிவிட்டால் கோளாறு எழும் வரிசையில்தான் இருக்கிறது. ரவுட்டர், ஃபைபர் பெட்டி, சர்வர் மூன்றையும் ஒரு சிறு யுபிஎஸ்-இல் வைத்துவிட்டால் முடிந்தது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் சர்வர் அணைந்து எழுகிறது என்றால், இன்வெர்ட்டரின் பின்புறம் யுபிஎஸ் நிலைக்கான ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண நிலையில் மின்மாற்றத்துக்கு ஆகும் நேரம், விளக்குக்குத் தெரியாவிட்டாலும், சில அடாப்டர்களுக்கு அதிகம்.

மறுதொடக்கத்தாலும் சரியாகாவிட்டால் முகவரிகளைப் பார்க்க வேண்டும். ஏதேனும் ஒரு கருவியின் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், அதற்கு ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை, தானாகவே ஒன்றைச் சூட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். முகவரி ஒழுங்காக இருந்தும் ஸ்விட்சுகள் சர்வரைக் காணாவிட்டால், சர்வரின் முகவரி மாறியிருக்கக்கூடும். மின்தடைக்கு முன் 192.168.1.10 ஆக இருந்தது இப்போது 192.168.1.14 ஆகியிருக்கும், ஸ்விட்சுகளோ பழைய முகவரியின் கதவையே தட்டிக்கொண்டிருக்கும். ரவுட்டரில் முகவரிகளை வழங்கும் டிஎச்சிபி பகுதியில், சர்வரின் வன்பொருள் அடையாளமான மேக் முகவரிக்கு ஒரு நிலையான ஐபியை ஒதுக்கிவிட வேண்டும். சர்வரிலேயே கையால் எழுதி வைப்பதைவிட இது மேலானது, ஏனெனில் ஒதுக்கீடுகள் அனைத்தும் ஓரிடத்தில் இருக்கும். ஒரே முகவரியை இருவருக்குக் கொடுக்கும் வாய்ப்பும் குறையும்.

மூன்றாவது காரணம் கடிகாரம். கண்டுபிடிக்கக் கடினமானதும் இதுவே. ராஸ்பெர்ரி பை 4-இலும் அதற்கு முந்தையவற்றிலும் பேட்டரியில் ஓடும் கடிகாரம் கிடையாது. பை 5-இல் கடிகாரம் உண்டு, ஆனால் அதற்கான பேட்டரியைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். எனவே அணைந்து எழுந்த பை, தான் கடைசியாக அறிந்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கி, இணையம் கிடைத்ததும் நேர சர்வரிடம் கேட்டுத் திருத்திக்கொள்கிறது. சில மணி நேர மின்தடையில் இது பெரிதாகத் தெரியாது. வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குச் சென்று ஒரு வாரம் கழித்து சர்வரை இயக்கினால்தான் முடிச்சு விழும்: நேர சர்வரின் பெயரை முகவரியாக மாற்ற டிஎன்எஸ் வேண்டும், அந்த டிஎன்எஸ் அதே கணினியில் ஓடும் பை-ஹோல், பை-ஹோலில் டிஎன்எஸ் விடைகளின் கையொப்பத்தைச் சோதிக்கும் டிஎன்எஸ்செக் சரிபார்ப்பு இயங்கினால், கையொப்பங்களின் காலவரம்பைச் சோதிக்கச் சரியான நேரம் வேண்டும். நேரம் இல்லாமல் பெயர் இல்லை, பெயர் இல்லாமல் நேரம் இல்லை. சர்வரில் தேதியைக் கேட்டுப் பாருங்கள். அது கடந்த வாரத்தைக் காட்டினால் இதுவே காரணம். நேர சர்வரின் இடத்தில் பெயருக்குப் பதிலாக ஐபி முகவரி ஒன்றை எழுதுவது எளிய மாற்று. ரவுட்டரே நேரம் வழங்குமானால் அதன் முகவரியை எழுதலாம். இல்லையென்றால் கூகுளின் பொது நேர சர்வர் 216.239.35.0 என்னும் முகவரியில் கிடைக்கிறது. டிஎஸ்3231 சில்லு வைத்த கடிகாரப் பலகையைப் பொருத்துவது இன்னும் உறுதியானது.

## ஒரு வேலை ஐந்தரை மணி நேரம் தள்ளி நடக்கிறது

மாலை 6 மணிக்கு எரிய வேண்டியது இரவு 11.30-க்கு எரிந்தால், அந்த வேலையைச் செய்யும் டாக்கர் கன்டெய்னர் (ஒரு மென்பொருளைத் தனித்து ஓட்டும் உறை) உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் அந்த இடைவெளி சரியாக ஐந்தரை மணி நேரம் என்பதால் இந்தக் கோளாறு தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஹோம் அசிஸ்டன்ட் தன் அமைப்பில் குறித்த நேர மண்டலத்தையே பின்பற்றும். சிக்குபவை பெரும்பாலும் ஆட்டோமேஷன்களை வரைந்து அமைக்கும் நோட்-ரெட்டும், குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் கிரான் வேலைகளும்தான். கன்டெய்னருக்கு நேர மண்டலச் சூழல் மாறியைக் கொடுத்து மீண்டும் உருவாக்கினால் போதும்.

## ரவுட்டரில் எல்லா விளக்குகளும் பச்சை, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை

கணினியிலிருந்து 8.8.8.8-க்கு பிங் அனுப்புங்கள். விடை வந்தால் இணையம் இருக்கிறது, பெயர் மாற்றம்தான் நின்றுவிட்டது. அதாவது பை-ஹோல் படுத்துவிட்டது. வீட்டில் மற்றவர்கள் இதை 'நெட் போயிடுச்சு' என்றுதான் சொல்வார்கள். அவர்கள் சொல்வதும் தவறில்லை. பை-ஹோல் ஓடும் கணினியை மறுதொடக்கம் செய்வதற்கு முன், 53-ஆம் போர்ட்டை வேறு எந்த மென்பொருளாவது பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உபுண்டுவில் சிஸ்டம்டியின் டிஎன்எஸ் பகுதி அந்தப் போர்ட்டில் உட்கார்ந்திருப்பதால் பை-ஹோல் எழ முடியாமல் போவது வழக்கமாகக் காணப்படுவது.

இதற்குப் பயந்து ரவுட்டரில் முதல் டிஎன்எஸ் பை-ஹோல், இரண்டாவது 8.8.8.8 என்று எழுதி வைப்பவர்கள் வேறொரு புகாருடன் வருவார்கள்: விளம்பரங்கள் சில நேரம் வருகின்றன, சில நேரம் வருவதில்லை. இரண்டாவது முகவரி, முதலாவது வேலை செய்யாதபோது மட்டும் பயன்படுவது என்று எண்ணுவது பரவலான தவறு. கருவிகள் இரண்டில் எதை வேண்டுமானாலும் கேட்கும். மாற்று வேண்டுமென்றால் இன்னொரு பழைய பையில் இரண்டாவது பை-ஹோல் ஒன்றை ஓட்டுங்கள். ஒரு கைபேசியில் மட்டும் விளம்பரம் வருகிறது என்றால் அதன் தனிப்பட்ட டிஎன்எஸ் அமைப்பைப் பாருங்கள். வீடு முழுக்க வருகிறது என்றால் ரவுட்டர் ஐபிவி6 வழியாகத் தன்னையே டிஎன்எஸ்-ஆக அறிவித்துக்கொண்டிருக்கக்கூடும்.

## ஜிக்பீ சென்சார்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன

ஜிக்பீ ரேடியோ உள்ள யுஎஸ்பி டாங்கிளை எங்கே செருகியிருக்கிறீர்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். யுஎஸ்பி 3.0 துளைகளும் அவற்றில் செருகிய டிஸ்க்குகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கக்குகின்றன என்பதை இன்டெல் நிறுவனமே 2012-இல் ஒரு வெள்ளையறிக்கையில் விளக்கியது. ஜிக்பீ அதே அலைவரிசையில்தான் பேசுகிறது. பை 4-இன் நீல நிறத் துளையில், எஸ்எஸ்டிக்குப் பக்கத்தில், நேரடியாகச் செருகிய டாங்கிள் மூன்று மீட்டர் தொலைவில் உள்ள சென்சாரைக்கூடத் தவறவிடும். ஒரு மீட்டராவது நீளமுள்ள யுஎஸ்பி நீட்டிப்பு கேபிளை வாங்கி, டாங்கிளைக் கருப்பு நிறத் துளையுடன் இணைத்து, கணினியிலிருந்தும் ரவுட்டரிலிருந்தும் இரும்பு பீரோவிலிருந்தும் விலக்கி வையுங்கள். இந்த வழிமுறையில் சொல்லப்படும் தீர்வுகளிலேயே செலவுக்கு மிகுதியான பலன் தருவது இந்தக் கேபிள்தான். வேறு எதையும் சோதிப்பதற்கு முன் இதைச் செய்துவிடுவது நல்லது.

அடுத்தது சேனல். ஜிக்பீயின் சேனல்கள் 11 முதல் 26 வரை; வைஃபையின் சேனல்களோடு எண் ஒத்துப்போனாலும் இடம் ஒத்துப்போவதில்லை. வைஃபை சேனல் 1-இன் மையம் 2412 மெகாஹெர்ட்ஸ், 6-இன் மையம் 2437, 11-இன் மையம் 2462. ஒவ்வொன்றும் மையத்திலிருந்து இருபுறமும் 10 மெகாஹெர்ட்ஸ் பரவும். ஜிக்பீ சேனல் 11 இருப்பதோ 2405-இல், அதாவது வைஃபை சேனல் 1-இன் வாய்க்குள். ஜிக்பீ செய்திகளை எம்க்யூடிடிக்கு மாற்றிக் கொடுக்கும் ஜிக்பீ2எம்க்யூடிடி மென்பொருள் இயல்பாகத் தேர்ந்துகொள்வது இந்த 11-ஐத்தான். ஜிக்பீ 15 என்பது 2425-இல், வைஃபை 1-க்கும் 6-க்கும் இடையே உள்ள இடுக்கில் விழுகிறது; 20 என்பது 2450-இல், 6-க்கும் 11-க்கும் இடையே விழுகிறது; 25 என்பது 2475-இல், வைஃபை 11-ஐத் தாண்டி நிற்கிறது. 26 இன்னும் தொலைவில் இருந்தாலும் சில சாதனங்கள் அதில் குறைந்த வலுவோடுதான் ஒலிபரப்பும் என்பதால் 25-ஐயே நான் பரிந்துரைப்பேன். ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 'ஆட்டோ' என்று விட்டிருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண்; வைஃபை சேனலை 1 அல்லது 6 என்று நிலைப்படுத்தி, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்த பிறகே ஜிக்பீ சேனலை மாற்றுங்கள். சேனலை மாற்றினால் சில சாதனங்களை மீண்டும் இணைக்க வேண்டி வரலாம் என்பதால் ஓய்வு நாளில் செய்வது உத்தமம்.

இவ்விரண்டும் சரியாக இருந்தும் ஒரு மூலையில் உள்ள சென்சார்கள் மட்டும் மறைந்தால், அந்த மூலைக்குச் செய்தி கடத்தும் சாதனம் எது என்று பாருங்கள். மின்சாரத்தில் ஓடும் ஜிக்பீ பிளக்குகளும் பல்புகளும் பிற சென்சார்களின் செய்திகளைக் கடத்துகின்றன. பேட்டரிச் சென்சார்கள் கடத்துவதில்லை. ஹால் பல்பை யாராவது சுவர் ஸ்விட்சில் அணைத்துவிட்டால் அதை நம்பியிருந்த படுக்கையறைச் சென்சார் அநாதையாகிவிடும். சில நிறுவனங்களின் பழைய சென்சார்கள் புதிய வழியைத் தேடிக்கொள்ளவும் செய்யாது. எனவே கடத்தும் வேலையைப் பல்புகளை நம்பி விடாமல், எப்போதும் செருகப்பட்டிருக்கும் பிளக் ஒன்றிடம் ஒப்படைப்பதே சரி.

ஒரு சென்சார் இறந்துவிட்டது என்பது உடனே தெரியும் என்று எண்ணிவிடக் கூடாது. ஜிக்பீ2எம்க்யூடிடியின் இருப்புச் சோதனையை இயக்கியிருந்தாலும், அது மின்சாரச் சாதனங்களுக்கு 10 நிமிடமும் பேட்டரிச் சாதனங்களுக்கு 25 மணி நேரமும் பொறுத்திருந்த பிறகே 'இல்லை' என்று அறிவிக்கும். தண்ணீர்க் கசிவுச் சென்சார் போன்றவற்றில் இந்த ஒரு நாள் இடைவெளி முக்கியமானது.

## புதிய வைஃபை ஸ்விட்ச் வலையில் சேர மறுக்கிறது

ஈஎஸ்பி8266 சில்லுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது. ரவுட்டர் இரண்டு அலைவரிசைகளுக்கும் ஒரே பெயரை வைத்திருந்தால், இணைக்கும் நேரத்துக்கு மட்டுமாவது 5 கிகாஹெர்ட்ஸை அணைத்துவையுங்கள். பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தால் டபிள்யூபிஏ2-க்கு இறக்குங்கள். ஸ்விட்சின் சொந்த ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்த பிறகும் 192.168.4.1 பக்கம் திறக்கவில்லை என்றால், அந்த ஹாட்ஸ்பாட்டில் இணையம் இல்லை என்று கண்ட கைபேசி மொபைல் டேட்டாவுக்குத் தாவியிருக்கும். டேட்டாவை அணைத்துவிட்டு முயலுங்கள்.

## விளக்கு தானாக எரிகிறது

பேய்க்கதைகளுக்குக் காரணமாகும் அறிகுறி இது. ஹோம் அசிஸ்டன்டின் லாக்புக்கில் அந்த நேரத்தைத் திறந்து, விளக்கை எரியவைத்தது எது என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு ஆட்டோமேஷனின் பெயர் அங்கே இருந்தால் அதன் ஓட்டப் பதிவான ட்ரேஸைத் திறக்கலாம். கடைசி ஐந்து ஓட்டங்கள் அதில் சேமிக்கப்பட்டிருக்கும். அசைவு சென்சார் 'ஆன்' ஆனால் விளக்கை எரி என்று எழுதியிருப்பீர்கள். அதற்கு முன் என்ன நிலையில் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்க மாட்டீர்கள். தொடர்பு அறுந்து 'கிடைக்கவில்லை' என்னும் நிலையில் இருந்த சென்சார் திரும்பி வந்து 'ஆன்' என்று சொன்னாலும் அதுவும் ஒரு மாற்றமே என்பதால் விளக்கு எரிந்துவிடுகிறது. 'ஆஃப்' நிலையிலிருந்து 'ஆன்' நிலைக்கு என்று இரண்டையும் எழுதினால் நின்றுவிடும். ஜிக்பீ வலையில் உள்ள குறை இங்கே விளக்கில் வந்து தெரிகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஆட்டோமேஷனைத் திருத்திய பிறகு சென்சார் ஏன் அறுந்தது என்பதைத் தேடாமல் விடக் கூடாது.

எந்த ஆட்டோமேஷனும் இல்லை, ஸ்விட்ச் வைஃபையில் மீண்டும் சேரும்போதெல்லாம் எரிகிறது என்றால், எம்க்யூடிடியின் 'ரிட்டெய்ன்' கொடியைச் சந்தேகியுங்கள். இந்தக் கொடியோடு அனுப்பிய செய்தியை புரோக்கர் நினைவில் வைத்திருந்து, அந்தத் தலைப்பில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் கொடுக்கும். நிலையைத் தெரிவிக்கும் தலைப்புகளுக்கு இது தேவையானது. கட்டளைத் தலைப்புக்கு இது ஆபத்தானது. என்றோ ஒருநாள் சோதனைக்காக ரிட்டெய்னோடு அனுப்பிய 'ஆன்' கட்டளை புரோக்கரில் தங்கியிருந்து, ஸ்விட்ச் ஒவ்வொரு முறை இணையும்போதும் புதிய கட்டளைபோல் வந்து சேரும். எம்க்யூடிடி எக்ஸ்ப்ளோரர் போன்ற கருவியில் தலைப்புகளைப் பார்த்து, அந்தக் கட்டளைத் தலைப்புக்கு ரிட்டெய்ன் கொடியோடு வெற்றுச் செய்தி ஒன்றை அனுப்பினால் பழையது அழிந்துவிடும்.

மின்சாரம் வந்தவுடன் மட்டும் எரிகிறது என்றால் அது கோளாறே அல்ல. பல பல்புகள் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. மின்சாரம் திரும்பியதும் முந்தைய நிலைக்குச் செல்லும்படி பல்பின் அமைப்பிலோ, டாஸ்மோட்டா நிரல் ஓடும் ஸ்விட்ச் என்றால் அதன் தொடக்க நிலை அமைப்பிலோ மாற்றிக்கொள்ளலாம். முழுதாக எரியாமல் அணைத்த பிறகும் மங்கலாக ஒளிர்கிறது அல்லது துடிக்கிறது என்றால், அது மென்பொருளில் தீராது. நியூட்ரல் கம்பி இல்லாத ஸ்விட்ச் பெட்டியில் பொருத்தும் ஸ்மார்ட் ஸ்விட்ச் தான் உயிரோடிருக்கச் சிறிதளவு மின்னோட்டத்தை விளக்கின் வழியாகவே செலுத்துகிறது. குறைந்த வாட் எல்இடி பல்பு அந்த அளவிலேயே ஒளிர்ந்துவிடும். விளக்குக்கு இணையாக ஒரு பைபாஸ் கெப்பாசிட்டரைப் பொருத்தினால் நிற்கும். 230 வோல்ட் வேலை என்பதால் எலக்ட்ரீஷியனைக் கொண்டு மெயினை அணைத்துவிட்டுச் செய்ய வேண்டும். நியூட்ரலையே பெட்டிக்கு இழுத்துவர முடியுமா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

## எம்க்யூடிடி சாதனம் சேர்வதும் விலகுவதுமாக இருக்கிறது

மொஸ்கிட்டோவின் லாகில் ஒரே கிளையன்ட் பெயர் மாறி மாறி இரண்டு ஐபி முகவரிகளிலிருந்து வருகிறதா என்று பாருங்கள். ஒரே பெயரில் இரண்டாவது ஆள் வந்தால் முதலாவதை வெளியேற்ற வேண்டும் என்பது எம்க்யூடிடியின் விதி. ஒரே நிரலைப் பிரதியெடுத்து இரண்டு பலகைகளில் ஏற்றியவர்களுக்கு இது நேரும். பெயரோடு சில்லின் எண்ணையும் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. சேரவே முடியவில்லை, அதுவும் புரோக்கரைப் புதுப்பித்த பிறகே தொடங்கியது என்றால் வேறு காரணம்: 2020 டிசம்பரில் வந்த மொஸ்கிட்டோ 2.0 முதல், அமைப்புக் கோப்பில் எதுவும் சொல்லாவிட்டால் அதே கணினியிலிருந்து வரும் இணைப்புகளை மட்டுமே அது ஏற்கும். 1883 போர்ட்டில் கேட்கும்படி ஒரு வரியும், பயனர் பெயருக்கும் கடவுச்சொல்லுக்கும் உரிய கோப்பும் சேர்க்க வேண்டும். பெயரில்லாதவர்களை அனுமதிக்கும் வரியைச் சேர்த்து முடித்துவிடும் குறுக்குவழியைத் தவிர்ப்பது நல்லது.

சேர்ந்து ஒழுங்காக இருந்தும் ஹோம் அசிஸ்டன்டில் சாதனம் தோன்றவில்லை, நிரலை நீங்களே ஆர்டுயினோவில் எழுதியது என்றால், செய்தியின் நீளத்தை எண்ணுங்கள். பரவலாகப் பயன்படும் பப்சப்கிளையன்ட் நூலகம் இயல்பாக 256 பைட் வரையே தாங்கும். சாதனத்தை அறிமுகப்படுத்தும் செய்தி அதைத் தாண்டினால், எச்சரிக்கை ஏதுமின்றி அனுப்பாமல் விட்டுவிடும்.

## கோப்பு நகல் நொடிக்கு 11 மெகாபைட்டில் நிற்கிறது

டிஸ்க்கைக் குறை சொல்ல வேண்டாம்; 11 என்னும் எண்ணே விடை. கிகாபிட் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கிறது. கிகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், 100-க்கு இரண்டே போதும் என்பதால், ஒரு கம்பி சரியாகக் கிரிம்ப் ஆகாவிட்டாலும் இணைப்பு ஓசையின்றி இறங்கி ஓடிக்கொண்டே இருக்கும். கேபிளை மாற்றுங்கள்.

## எஸ்டி கார்டு நிரம்பிவிட்டது, ஆனால் பெரிய கோப்பு எதுவும் தென்படவில்லை

ஹார்ட் டிஸ்க் ஏறாமல் போன ஒரு நாளில் இது தொடங்கியிருக்கும். லினக்ஸில் டிஸ்க் ஒரு ஃபோல்டரின் மேல் ஏற்றப்படுகிறது; ஏறாவிட்டால் அந்த ஃபோல்டர் எஸ்டி கார்டின் வெறும் ஃபோல்டராகவே இருக்கும், டாக்கரும் வேறுபாடு அறியாமல் அதில் எழுதிக்கொண்டே போகும். மறுநாள் டிஸ்க் ஏறியதும் எழுதப்பட்ட கோப்புகள் அதன் அடியில் மறைந்துவிடுகின்றன. சேவைகளை நிறுத்தி, டிஸ்க்கை இறக்கிவிட்டு, அந்த வெற்று ஃபோல்டருக்குள் பாருங்கள். காணாமல் போன இடம் அங்கே இருக்கும். டிஸ்க்குகளை ஏற்றும் விதத்தைக் குறிக்கும் எஃப்ஸ்டேப் கோப்பில் டிஸ்க்குக்கு 'நோஃபெயில்' என்று எழுதாவிட்டால் டிஸ்க் இல்லாதபோது கணினி அவசர நிலையில் நின்றுவிடும், எழுதினால் இந்தச் சிக்கல் வரும். எழுதிவிட்டு, டிஸ்க் ஏறிய பிறகே டாக்கர் தொடங்கும்படி கட்டுப்படுத்துவதுதான் இடைவழி. ஃபோல்டரில் எதுவும் இல்லையென்றால் டாக்கரின் லாக் கோப்புகளைப் பாருங்கள், அவற்றுக்கு இயல்பாக உச்சவரம்பு கிடையாது.

## வெளியிலிருந்து வீட்டை அடைய முடியவில்லை

வெளியிலிருந்து வரும் இணைப்பை சர்வருக்குத் திருப்பும் போர்ட் ஃபார்வர்டிங்கைப் பலமுறை திருத்துவதற்கு முன், ரவுட்டரின் வெளிமுக முகவரியையும், ஐபி காட்டும் தளம் ஒன்று சொல்லும் முகவரியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்து, ரவுட்டரில் உள்ளது 100.64 முதல் 100.127 வரையிலான வரம்பில் இருந்தால், உங்கள் இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. அந்த நிலையில் எத்தனை போர்ட்டுகளைத் திறந்தாலும் பயனில்லை. உங்கள் கருவிகளை எங்கிருந்தும் ஒரு தனி வலையாக இணைக்கும் டெயில்ஸ்கேலை சர்வரில் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதுவும் இதே வரம்பிலிருந்துதான் முகவரி கொடுக்கிறது, எனவே சர்வரில் தெரியும் முகவரியை வைத்து முடிவுக்கு வராமல் ரவுட்டரில் தெரிவதைப் பாருங்கள். நிறுவனத்திடம் கட்டணம் கட்டி நிலையான முகவரி வாங்கலாம். இல்லையென்றால் டெயில்ஸ்கேல் போன்ற ஒன்றே போதுமானது. ஹோம் அசிஸ்டன்டை நேரடியாக இணையத்துக்குத் திறந்து வைப்பதைவிட அது பாதுகாப்பானதும்கூட.

வெளியே திறக்கிறது, வீட்டு வைஃபையில் மட்டும் அதே பெயர் திறக்கவில்லை என்றால், உள்ளிருந்து தன் வெளிமுகவரிக்குச் சென்று திரும்பும் வேலையை ரவுட்டர் செய்வதில்லை. பை-ஹோலில் அந்தப் பெயருக்கு சர்வரின் உள்முகவரியைப் பதிந்துவிடுங்கள். வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் ரிவர்ஸ் பிராக்ஸி வைத்தவுடன் 400 என்னும் பிழை வந்தால், ஹோம் அசிஸ்டன்டின் அமைப்பில் அந்தப் பிராக்ஸியின் முகவரியை நம்பத்தக்கதாகக் குறிப்பிடவில்லை.

வெளியிலிருந்து வீட்டு வலைக்குப் பாதுகாப்பாக இணையும் வயர்கார்டு வைத்திருப்பவர்களுக்கு மூன்று அறிகுறிகள் மட்டும். இணைந்த சிறிது நேரத்தில் வீடு எட்டாமல் போய்விட்டால், வீட்டு முனையில் உயிர்ப்புச் செய்தி இடைவெளியை 25 நொடி என்று அமையுங்கள். சிறு பக்கங்கள் திறந்து பெரிய பக்கங்கள் பாதியில் நின்றால் பொட்டலத்தின் அளவு பெரிது. 1420 என்னும் இயல்பு அளவு 1500 பைட் இணைப்புக்குரியது, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து பிபிபிஓஇ முறையில் இணையும் வீடுகளில் அதை 1412-ஆகக் குறைக்க வேண்டும். இணைப்பு நன்றாக இருந்தும் நண்பர் வீட்டிலிருந்து மட்டும் சர்வரை அடைய முடியவில்லை என்றால், இரண்டு வீடுகளும் 192.168.1 என்று தொடங்கும் அதே முகவரிகளைப் பயன்படுத்துகின்றன. கைபேசி உங்கள் சர்வரை அந்த வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். உங்கள் வீட்டு வலையை 192.168.47 போன்ற அதிகம் புழங்காத ஒன்றுக்கு மாற்ற வேண்டும். அப்படி மாற்றும்போது டிஎச்சிபி ஒதுக்கீடுகள், பை-ஹோல் பதிவுகள், ஒவ்வொரு ஈஎஸ்பி ஸ்விட்சிலும் எழுதியிருக்கும் புரோக்கர் முகவரி ஆகிய அனைத்தையும் மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், ஸ்விட்சுகளின் எண்ணிக்கை பெருகுவதற்கு முன்பே செய்துவிடுவது எளிது.